பாசிட்டிவா இருங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு கமோடு சேர் வாங்கிக் கொடுங்க

1.
கால் எடுத்த நோயாளியைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் வழக்கமாக மூன்று கொண்டு வருவார்கள். சாத்துக்குடி, ஹார்லிக்ஸ், அட்வைஸ்.

சுகர் பேஷண்ட் என்பதால் ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்ததுமே வார்டு சிஸ்டர் "இதெல்லாம் குடுக்காதீங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அட்வைஸைத் திருப்பி அனுப்ப ஆளில்லை.

"மனச விட்றாதீங்க." "பாசிட்டிவா இருங்க." "ஒத்தக் கால்ல எவரெஸ்ட்டே ஏறிருக்கு ஒரு பொண்ணு, உங்களுக்கு என்ன?"

இந்த நீண்ட இழை அந்த அட்வைஸைப் பற்றி. கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2.
முதலில் யாருக்குக் கால் போகிறது என்று பார்த்துவிடுவோம்.

அரசு மருத்துவமனை சர்ஜரி வார்டில் கால் எடுக்கப்படுபவர்களில் பெரும்பங்கு சுகர் புண் அழுகிப்போய் வருபவர்கள். அடுத்து பைக், லாரி விபத்துகள். அதற்கடுத்து வருடக்கணக்கில் பீடி, சிகரெட் குடித்துக் காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டவர்கள்.

55 வயது கொத்தனார். இட்லிக் கடை அக்கா. லோடுமேன். இவர்களிடம் போய் எவரெஸ்ட் கதை சொல்கிறோம். அவருக்கு அன்றைக்கு ஏற வேண்டியது வீட்டு வாசலில் இருக்கும் மூன்று படி. அதற்குக் கைப்பிடி கிடையாது.

3.
"டாக்டர், நம்பிக்கை முக்கியம் இல்லையா?"

முக்கியம். அது அவர்களிடம் இல்லை என்று யார் சொன்னது?

வாட்ஸப்பில் அடிக்கடி சுற்றும் ஒரு ஃபார்வர்டு உண்டு. "லாட்டரி விழுந்தவரும், விபத்தில் கைகால் செயலிழந்தவரும் ஒரு வருடம் கழித்து ஒரே அளவு சந்தோஷமாக இருக்கிறார்கள். சந்தோஷம் நம் மனதில்தான் இருக்கிறது" என்று முடியும்.

இந்தக் கதைக்கு மூலம் 1978-ல் பிரிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு. லாட்டரி விழுந்த 22 பேர், விபத்தில் கைகால் செயலிழந்த 29 பேர், இரண்டும் நேராத 22 பேர். சின்ன ஆய்வுதான். அதில் இருந்தவர்கள் கால் இழந்தவர்கள் அல்ல, முடங்கிப்போனவர்கள். ஆனால் அதில் உண்மையில் இருக்கும் எண்களைப் படியுங்கள்.

4.
"இப்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள்?" 5-க்கு மார்க் போடச் சொன்னார்கள்.

சாதாரண ஆட்கள்: 3.82
விபத்தில் முடங்கியவர்கள்: 2.96

ஆக, "ஒரே அளவு சந்தோஷம்" என்பது பச்சைப் பொய்.

"விபத்துக்கு முன்னால் எப்படி இருந்தீர்கள்?" என்று முடங்கியவர்களிடம் கேட்டபோது 4.41. சாதாரண ஆட்கள் தங்களுடைய கடந்த காலத்துக்குக் கொடுத்தது 3.32 மட்டுமே.

"சில வருடம் கழித்து எவ்வளவு சந்தோஷமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறீர்கள்?"

முடங்கியவர்கள்: 4.32
சாதாரண ஆட்கள்: 4.14

திரும்ப ஒருமுறை பாருங்கள். எதிர்காலத்தைப் பற்றிய நம்பிக்கையில் அவர்கள் நம்மைவிட ஒரு துளியும் குறைந்தவர்கள் இல்லை. குறைந்திருந்தது 'இப்போது' மட்டும்தான்.

இருக்கிற நம்பிக்கையையே திரும்பத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். குறையாக இருக்கும் நிகழ்காலத்தை யாரும் தொடுவதே இல்லை.

5.
அந்த 4.41-ஐயும் கவனியுங்கள். போன வாழ்க்கை திடீரென்று பொன்னாகத் தெரியும். கால் இருந்தபோது முதலாளியைத் திட்டியவர், முட்டி வலி என்று புலம்பியவர், இப்போது "ராஜா மாதிரி இருந்தேன்" என்பார். உடனே வீட்டில், "பழசையே நெனச்சு அழாதப்பா, நடந்தது நடந்துபோச்சு" என்று வாயை அடைத்துவிடுவார்கள்.

அடைக்காதீர்கள். பேசவிடுங்கள். கொஞ்சம் காது கொடுத்தால் அந்தப் பேச்சில்தான் அவருக்கு என்ன தேவை என்பது இருக்கிறது.

ஒரு பரோட்டா மாஸ்டர். முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று. தினமும் ரவுண்ட்ஸில் கல்லு முன்னால் நின்ற கதையையே சொல்வார். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு நின்னா ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்கார மாட்டேன் சார்." மகனுக்கு அது புலம்பல். ஃபிசியோதெரபிஸ்ட்டுக்கு அது தகவல். மாவு பிசைவது, உருட்டுவது, வீசுவது எல்லாம் கை வேலை. சரியான உயரத்தில் ஸ்டூல் போட்டால் முக்கால்வாசி வேலை உட்கார்ந்தே நடக்கும். அதற்கு மேல் செயற்கைக் காலில் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்பதுதான் பயிற்சியின் இலக்கு.

குழித்தறியில் மிதி மிதித்த நெசவாளிக்கு வேறு கணக்கு. மிதிமெஷின் தையல்காரருக்கு ஒரு மோட்டார் போதும். கடந்த காலத்தைக் கேட்காமல் இதில் ஒன்றைக்கூடத் திட்டமிட முடியாது.

6.
இப்போது எவரெஸ்ட் கதைக்கு வருவோம்.

அருணிமா சின்ஹா. 2011-ல் உத்தரப்பிரதேசத்தில் ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிடப்பட்டு இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். 2013 மே மாதம் எவரெஸ்ட் ஏறினார். மகத்தான சாதனை. சந்தேகமே இல்லை.

ஆனால் ஃபார்வர்டில் விடுபடும் பகுதி: அவருக்கு நல்ல செயற்கைக் கால் கிடைத்தது. எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால் அவருக்குப் பயிற்சி கொடுத்தார். பின்னால் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆதரவு இருந்தது.

மன உறுதி இருந்தது. கூடவே கால் இருந்தது, குரு இருந்தார், செலவுக்குக் காசு இருந்தது. நம்ம கொத்தனாரிடம் முதல் ஐட்டத்தை மட்டும் கேட்கிறோம், மற்ற மூன்றைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

7.
சுதா சந்திரன். 1981-ல், 16 வயதில், தமிழ்நாட்டில் நடந்த பேருந்து விபத்துக்குப் பிறகு வலது காலை இழந்தார். ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு 1984-ல் மறுபடி மேடையேறினார். 1985-ல் 'மயூரி' படத்தில் தன் கதையில் தானே நடித்தார்.

81-க்கும் 84-க்கும் நடுவில் எவ்வளவு காலம் என்று எண்ணிப் பாருங்கள். பரதம் தெரிந்த, வயசுப் பெண்ணுக்கே ஆண்டுக்கணக்கில் ஆனது. நாம் சுகர் வந்த 58 வயது ஆளிடம் மூன்றாவது மாசமே "இன்னுமா எந்திரிச்சு நடக்கல?" என்கிறோம்.

இன்னொன்று. 2021 அக்டோபரில் அதே சுதா சந்திரன் ஒரு வீடியோ போட்டார். ஒவ்வொரு முறை விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையிலும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள், வேதனையாக இருக்கிறது என்று பிரதமரிடம் முறையிட்டார். அது பெரிய செய்தியான பிறகு பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது.

நாட்டுக்கே பாசிட்டிவ் எனர்ஜி கொடுத்தவருக்கு, நாடு 40 வருடம் கழித்துத் திருப்பிக் கொடுத்தது அதுதான்.

8.
அந்த ஜெய்ப்பூர் கால் வந்த விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1968 வாக்கில், ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பி.கே.சேத்தியும், அதிகம் படிக்காத கைவினைக் கலைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கியது.

அதற்கு முன் கிடைத்த மேலைநாட்டுப் பாதம் ஷூவுக்குள் போடுவதற்கென்று செய்தது. அதை மாட்டிக்கொண்டு குத்துக்காலிட முடியாது, சம்மணம் போட முடியாது, வெறுங்காலோடு வயலில் இறங்க முடியாது. இலவசமாகக் கொடுத்தாலும் ஆட்கள் மாட்டவில்லை.

அன்றைக்கும் யாராவது "இவங்களுக்கு ஆட்டிட்யூட் சரியில்ல" என்று சொல்லியிருக்கலாம். இவர்கள் இருவரும் இந்த மக்கள் எப்படி உட்காருகிறார்கள், எதில் நடக்கிறார்கள் என்று பார்த்து ரப்பரில் ஒரு பாதம் செய்தார்கள். நான் கேட்பது இந்தப் பார்வையைத்தான்.

9.
சரி, 'இப்போது' என்பதைச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டும்? கால் எடுத்த முதல் மூன்று மாதத்துக்கான பட்டியல். சேவ் செய்து வையுங்கள்.

• முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். பாசத்தில் எல்லா வீட்டிலும் செய்வது. மூட்டு மடங்கினபடியே இறுகிவிட்டால் செயற்கைக் கால் பொருத்துவது பெரும்பாடு. டாக்டர் சம்மதித்தால் தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்கவையுங்கள்.

• புண் ஆற ஆற, எடுத்த காலின் முனையை '8' வடிவில் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள். சிஸ்டரிடமோ ஃபிசியோவிடமோ செய்து காட்டச் சொல்லுங்கள். வீக்கம் வடிந்து வடிவம் வந்தால்தான் கால் பொருந்தும்.

• இருக்கிற காலை தினமும் பாருங்கள். விரல் இடுக்கு, குதிகால், அடிப்பாதம். முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சுகரில் ஒரு கால் போனவருக்கு அடுத்த காலும் ஆபத்தில்தான் இருக்கிறது. இப்போது முழு எடையும் அதன்மேல்தான்.

• கமோடு சேர், கழிவறையில் ஒரு கைப்பிடி, வழுக்காத தரை. இது முதல் வாரமே வேண்டும். பெண்கள் கழிவறைக்குப் பயந்து பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்து யூரின் இன்ஃபெக்‌ஷனோடு வருவதை அடிக்கடி பார்க்கிறோம். கேட்டால், "மருமககிட்ட எத்தன தடவ தூக்கிவிடச் சொல்றது தம்பி?"

• செயற்கைக் காலுக்கான சீட்டை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்குங்கள். சென்னை கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மற்ற மாவட்டக்காரர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கேளுங்கள்.

• மாற்றுத்திறனாளி சான்றிதழ், தனித்துவ அடையாள அட்டை. முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தாலே சட்டம் கேட்கும் 40 சதவீதத்தைத் தாண்டிவிடும். பஸ் பாஸ், ரயில் கட்டணச் சலுகை, உதவித்தொகை, கடன் எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி.

10.
"கால் வாங்கிக் குடுத்தோம் டாக்டர், மாட்டவே மாட்டேங்குறாரு. கட்டிலுக்கு அடியில கெடக்கு."

வீட்டுக்கு வீடு கேட்கும் புகார். அவரைச் சோம்பேறி என்று முடிவு கட்டுவதற்கு முன் இரண்டு விஷயம்.

ஒன்று, எடுத்த காலின் முனை முதல் வருடம் சுருங்கிக்கொண்டே போகும். மார்ச்சில் கச்சிதமாக இருந்த சாக்கெட் செப்டம்பரில் தொளதொள என்றாகும். உரசும், புண்ணாகும். சாக்கெட்டை மாற்ற வேண்டும். கண்ணாடி பவர் மாறினால் லென்ஸ் மாற்றுகிறோமே, அதுபோல.

இரண்டு, நடப்பதற்கு ஆகும் சக்தி. விபத்தில் முழங்காலுக்குக் கீழே இழந்தவருக்குச் சமதளத்தில் நடக்கவே தோராயமாக 25 சதவீதம் கூடுதல் சக்தி தேவை. ரத்த ஓட்டம் கெட்டுக் கால் போனவருக்கு சுமார் 40. முழங்காலுக்கு மேலே எடுத்திருந்தால், விபத்து என்றால் 65-ஐத் தாண்டும். ரத்த ஓட்டப் பிரச்சனை என்றால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அவர் கழிவறை வரை போய் வருவது ஒரு வேலை. இதயமும் பலவீனமாக இருந்தால் இன்னும் மோசம். இதில் 'ஆட்டிட்யூட்' எங்கே வந்தது?

11.
இல்லாத காலில் வலி.

"போன கால்ல கட்டைவிரல் எரியுது" என்று அவர் சொன்னால் வீட்டில் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்வார்கள். சிலர் பேய், பிசாசு என்று மந்திரிக்கப் போவார்கள். சிலர் "அத நினைக்காதீங்க, மனச மாத்துங்க" என்பார்கள்.

இது கால் இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வரும் நிஜமான நரம்பு வலி. 19-ம் நூற்றாண்டு அமெரிக்க உள்நாட்டுப் போரில் கால் இழந்த வீரர்களைப் பார்த்த மிட்செல் என்ற மருத்துவர் அப்போதே எழுதிவைத்துவிட்டார். கால் போனாலும் மூளையில் அதற்கான இடம் போவதில்லை.

இதற்குக் கண்ணாடிச் சிகிச்சையைக் கொண்டுவந்தவர் நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், 1990-களில். இரண்டு காலுக்கும் நடுவே நீளக் கண்ணாடியை வைத்து, நல்ல காலை அசைத்தபடி அதன் பிம்பத்தைப் பார்ப்பது. இழந்த கால் அசைவதாக மூளைக்குத் தோன்றும். எல்லோருக்கும் கேட்காது. கேட்கிறவர்களுக்கு வலி நன்றாகக் குறைகிறது. ஃபிசியோவிடம் ஒருமுறை கற்றுக்கொண்டு வீட்டில் செய்யலாம். மாத்திரைகளும் இருக்கின்றன. டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னால்தான் கிடைக்கும்.

"மனச மாத்துங்க" என்று சொல்லப்பட்டவர் எங்களிடம் வலியைச் சொல்வதே இல்லை. பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம்.

12.
பாசிட்டிவ் அட்வைஸால் வரும் பெரிய கெடுதல் இதுதான். அது ஆளை வாய் மூட வைக்கிறது.

அழுதால் "மனச விட்டுட்டாரு". கோபப்பட்டால் "முன்ன மாதிரி இல்ல". அதனால் சிரிக்கிறார். வீடியோ எடுத்துப் போடுகிறார்கள், "எங்க அப்பா ஹீரோ" என்று. ராத்திரி தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. சுகர் மாத்திரையை விட்டுவிடுகிறார்.

கால் இழந்த பிறகு மனச்சோர்வு நோய் வருவது சகஜம். அதற்கு மருந்து இருக்கிறது, ஆலோசனை இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் ஈடுபாடின்மை, "நான் இருந்து என்ன பண்றது", "உங்களுக்குப் பாரமா இருக்கேன்" என்ற பேச்சு இருந்தால் மோட்டிவேஷன் வீடியோ காட்டாதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார். 14416 டெலி மானஸ் இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

13.
வேலை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20. பணியில் இருக்கும்போது ஊனமடைந்த அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும். அப்படி இடம் காலியாக இல்லாவிட்டால், கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயது வரை கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும்.

இது தெரியாமல் "முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன் சார்" என்பவர்கள் உண்டு. தயவுசெய்து யாரும் ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆனால் கொத்தனாருக்கும், லோடுமேனுக்கும், ஹோட்டல் மாஸ்டருக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கேதான் கால் போவதும் அதிகம். பாசிட்டிவ் பேசும் பிரமுகர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் கைதட்டுகிறேன்.

14.
எங்கள் தரப்பையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

அரசு மருத்துவமனையில் கால் எடுக்கும் ஆபரேஷன் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்துவிடுகிறது. புண் ஆறினால் கேஸ் முடிந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் தையல் பிரித்த தேதி இருக்கும். அவர் நடந்தாரா என்று எழுத அதில் ஒரு கட்டம்கூட இல்லை. எழுதப்படாதது கணக்கிலும் வராது, கணக்கில் வராததற்கு நிதியும் வராது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஊன்றுகோலில் நடக்கப் பழக்காமல், செயற்கைக் கால் பரிந்துரைச் சீட்டு இல்லாமல், சான்றிதழுக்கு விண்ணப்பிக்காமல் ஒருவரையும் டிஸ்சார்ஜ் செய்யக்கூடாது. மூன்று டிக் மார்க். ஆறு மாதம் கழித்து ஒரு போன்: "வீட்டுக்கு வெளியே நடக்கிறீர்களா?" மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் மாத்திரை கொடுக்க வீட்டுக்கே போகிறார்கள். அவர்கள் கையில் இந்த ஒரு கேள்வியையும் கொடுக்கலாம்.

15.
"அப்போ ஆறுதலா பேசவே கூடாதா டாக்டர்?" கமெண்டில் வரும், இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

பேசுங்கள். கால் போயும் நிறைவாக வாழ்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், நானே பார்க்கிறேன். அவர்கள் யாரும் ஃபார்வர்டு படித்து எழுந்தவர்கள் இல்லை. வலி அடங்கி, பொருந்துகிற கால் கிடைத்து, தானே கழிவறைக்குப் போக முடிந்து, கையில் நாலு காசு வர ஆரம்பித்ததும், முகம் தானாகத் தெளிந்தது. நம்பிக்கை அதற்குப் பின்னாலேயே வந்தது. சிலருக்கு அவ்வளவும் கிடைத்தும் தெளிய ஒரு வருடம், இரண்டு வருடம் ஆனது. அதுவும் இயல்புதான்.

16.
அடுத்த முறை கால் எடுத்தவரைப் பார்க்கப் போனால், "பாசிட்டிவா இருங்க" என்பதற்குப் பதில் இவற்றைக் கேளுங்கள்.

"ராத்திரி வலி இருக்கா?"
"பாத்ரூம் எப்படிப் போறீங்க?"
"கால் வைக்க எப்போ வரச் சொல்லிருக்காங்க? நான் கூட வரட்டுமா?"
"சர்ட்டிஃபிகேட்டுக்கு எழுதிக் குடுத்தாச்சா?"
"முன்னாடி என்ன வேலை பாத்தீங்க? சொல்லுங்க, கேக்குறேன்."

உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால் 9-ம் பதிவை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவர் வீட்டாருக்கு அனுப்புங்கள். சந்தேகங்களைக் கமெண்டில் கேளுங்கள், டியூட்டி முடிந்து வந்து பதில் எழுதுகிறேன்.